லாரியோடு ஆற்றில் தள்ளுங்கள்

சிரம்பான் ரயில் நிலைய வாசலில் என் பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்த அந்த மனிதர், டிக்கியைச் சாத்தாமலே கேட்டார்.

"நீங்கதானே என்னை லோரியோட ஆத்துல தள்ளச் சொன்னது?"

எத்தனையோ ஊருக்கு வேலையாகப் போயிருக்கிறேன். இப்படியொரு வரவேற்பு எங்கும் கிடைத்ததில்லை. கேலியாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பக்கத்தில் நின்ற மோகனா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஏழு வருடம் குரலாக மட்டுமே தெரிந்த தோழியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். எங்கே கட்டிப்பிடிப்பது? அவள் கணவர் டிக்கியைப் படாரென்று சாத்தினார். மூவரும் ஏறிக்கொண்டோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கிறவள். நாங்கள் அனுப்பிய பனியன்களில் சாயம் போகிறது என்று மலேசியாவில் நீலாய் என்ற ஊரில் இருக்கும் கிடங்கிலிருந்து புகார் வந்ததால் என்னை அனுப்பினார்கள். துவைத்துப் பார்த்து, சாயம் போவது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை மதியமே வேலை முடிந்துவிட்டது. விமானம் ஞாயிறு இரவு. நடுவில் கிடைத்த அவகாசத்தில் ரந்தாவுக்குப் போய் மோகனாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு.

நாங்கள் வலைப்பூக்காரிகள். எல்லோரும் முகநூலுக்கும் பிறகு வீடியோவுக்கும் ஓடிவிட்ட பின்னும் வலைப்பூவைக் கட்டிக்கொண்டு கதை எழுதுகிற பிடிவாதக்காரர்கள் சிலர் மிச்சம் இருக்கிறோம். யார் கதை போட்டாலும் மற்றவர்கள் ஓடிப்போய்ப் பின்னூட்டம் போடுவது எங்கள் வழக்கம். முதல் பின்னூட்டம் போடுகிறவருக்கு 'வடை'. நிஜ வடை இல்லை, பெயருக்குத்தான். அந்தப் பெயருக்காகவே அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மோகனாவின் வலைப்பூவில் வடை எப்போதும் எனக்குத்தான். அதற்குக் காரணம் உண்டு.

அவள் ஓர் அத்தியாயம் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவாள். நான் அதை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்புவேன். தன் கதையை இன்னொருத்தி குரலில் கேட்டு, என் நாக்கு தடுக்குகிற இடத்தில் எல்லாம் திருத்தி, அப்புறம்தான் வெளியிடுவாள். என் கதைகளை அவள் அப்படியே படித்து அனுப்புவாள். அவள் வேலை பார்ப்பது ஒரு தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில். அதனால் என் சோகக் காட்சிகளுக்குப் பின்னால் தட்டு கழுவும் சத்தம் கேட்கும்.

ஒரு வாரப் பத்திரிகை என் கதையை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியபோது வலைப்பூவை மூடப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதையையே ஆரம்பம் முதல் கடைசிவரை போனில் படித்தாள். படித்து முடித்து, "இப்ப சொல்லுங்கக்கா, மூடணுமா?" என்றாள். நான் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் அந்த ஒரு போன்தான் காரணம்.

அவள் எழுதிவந்த தொடர்கதை பாமாயில் தரும் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டத்து லாரி டிரைவரைப் பற்றியது. மாணிக்கம் என்று பெயர். மனைவி பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், குழந்தை இறந்தே பிறக்கிறது, மாணிக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போனை அணைத்துவிட்டு, குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்விடுகிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. "அருமை தோழி! இந்தப் பாவியை லாரியோடு ஆற்றில் தள்ளுங்கள். வடை எனக்கே" என்று போட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு தண்டனை விதித்தார்கள். மட்டக்களப்புத் தோழி கையை உடைக்கச் சொன்னாள், தோகாவில் இருக்கும் இன்னொருத்தி பாம்பை விட்டுக் கடிக்க வைக்கச் சொன்னாள்.

மோகனாவின் கணவர் குணசேகரன் 'வண்டி ஓட்டுகிறார்' என்பது தெரியும். டாக்சி என்று நினைத்திருந்தேன். அத்தியாயம் அத்தியாயமாகப் பேசிய நாங்கள் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று மாலை சமையலறையில் குசுகுசுவென்று மிச்சத்தைச் சொன்னாள். குணாவோடு வேலை செய்கிற லாரி டிரைவர் ஒருவரின் மகள் கதையைப் பார்த்து குடும்பக் குழுவில் போட்டுவிட்டாளாம். இப்போது ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் குணாவை "மாணிக்கம்" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவர் தமிழ் படித்தது தொடக்கப்பள்ளி வரைக்கும். அதற்கப்புறம் எல்லாம் மலாய். நீளமான கதையைப் படிக்கப் பொறுமை இல்லை. ஆனால் பின்னூட்டம் இரண்டு வரிதானே? ஒன்று விடாமல் அத்தனையையும் படித்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரி விஷயம்?" என்று கேட்டேன்.

"நடந்ததுதாங்கா." அவள் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "மூத்தவ இப்ப ஜொகூர்ல படிக்கிறா. அவளுக்கப்புறம் ஒரு பையன். தங்கல. அவர் வரல. அதப் பத்தி நாங்க ஒரு நாளும் பேசினதில்ல. எழுதத்தான் முடிஞ்சிச்சு."

நான் அத்தனை உற்சாகமாக வடை வாங்கியது இவள் பெற்ற துக்கத்துக்கு.

வலைப்பூவையே அழித்துவிடச் சொல்லிவிட்டார் குணா. இவளும் சரி என்றுவிட்டாள். அக்கா வந்து போகட்டும், ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதி வைத்திருக்கிறாள். அதை என் போனுக்கும் அனுப்பியிருந்தாள். நேரில் பார்க்கும்வரை திறக்கக் கூடாது என்று கட்டளை. இப்போது பார்த்தாயிற்றே, திறக்கவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இரவுச் சாப்பாடு, தேங்காய்ப் பாலில் மஞ்சளும் ஊசி மிளகாயும் அரைத்துவிட்ட மீன் குழம்பு. அந்தப் பக்கத்து மலாய்க்காரர்களின் சமையலாம், இவர்கள் கைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காயை அரைத்து ஊற்றினால் காரம் அடங்கும். இங்கே தேங்காய்ப் பாலுக்குள் ஒளிந்திருந்து அடிக்கிறது. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். கோபத்திலும் மனிதர் பரிமாறுவதில் குறை வைக்கவில்லை. கேட்காமலே தண்ணீர் எடுத்து வைத்தார், மீனின் நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டார். பேச்சு மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலை ரந்தாவ் கடைத்தெருவுக்குப் பசியாறப் போனோம். காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கவே வயிறு குளிர்ந்தது. ரொட்டி சானாய் எங்கள் பரோட்டாவுக்கு மெலிந்த தங்கை. டீயோ, திருப்பூரில் நான்கு பேர் குடிக்கிற அளவு ஒரே கோப்பையில் வந்தது. சாலையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி பதற்றமாக இருந்தது.

பக்கத்து மேசையில் நான்கைந்து லாரிக்காரர்கள். கடைக்காரச் சீனர் மலாயில் எதையோ கேட்க, அவர்களும் மலாயில் சொல்லிச் சிரித்தார்கள். மோகனா முகம் சுருங்கியது. என்னவென்று கேட்டேன். யார் இந்தப் புது அம்மா என்று அவர் கேட்டாராம். மாணிக்கத்துக்குத் தூக்குத் தண்டனை கொடுத்த ஜட்ஜு இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று இவர்கள் சொன்னார்களாம். குணா பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்தபடி இருந்தார்.

நானும் அவளும் தமிழ்ப்பள்ளி வேலியோரம் நடந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. நீ எழுதியது நல்ல எழுத்து, எங்கள் எல்லாரையும்விட நல்ல எழுத்து, கடைசி அத்தியாயம் இல்லாமல் அதை அழிப்பது பாவம், அவரிடம் நான் பேசுகிறேன் என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் நின்றாள். "நீங்க நாளைக்கி பிளைட் ஏறிப் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும். உங்களுக்கு அது கதைங்கக்கா. எனக்கு வீடு."

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் தவறும் இல்லை. ஏழு வருடத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. சாயங்காலம் சி ரூசா கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அலையே இல்லாத கடல். எங்கள் கடல் என்றால் கத்திக்கொண்டாவது இருக்கும், நம் மௌனம் வெளியே தெரியாது. மூவரும் ஆளுக்கொரு வேகவைத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு, மூன்று திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஞாயிறு மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டியைக் கட்டினேன். விமான நிலையம்வரை தானே கொண்டுவந்து விடுவதாக குணா சொல்லிவிட்டார். மோகனா எனக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். ஏறும்போது மடிக்கணினிப் பையையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

பெரிய சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ போனில் சொல்ல, குணா தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பினார். செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நடுவில் வெளிச்சம் விழும். இங்கே மட்டைகள் கூரை போட்டுப் பகலையே அடைத்துவிடுகின்றன. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் திரும்பினால், குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று இழுவைப் பெட்டியோடு சேற்றில் சரிந்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் திரும்பலாம் என்றால் அங்கே இன்னொரு லாரி வந்து நின்றுவிட்டது. டிராக்டரோடு இருந்த வங்காளதேசத்து ஆள் நனைந்துகொண்டே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். கொஞ்ச நேரம் பொறுங்கள், இழுக்க வண்டி வருகிறது என்று மலாயில் சொன்னாராம். எத்தனை நேரம் என்று குணா கேட்டதற்கு வானத்தைக் காட்டினார்.

விமானம் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பின்சீட்டில் மடிக்கணினியைத் திறக்கும் சத்தம்.

"இப்பவே அழிச்சிடுறேன். அக்கா இருக்கப்பவே" என்றாள் மோகனா.

குணா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

என் பொறுமை அதோடு போய்விட்டது. "தம்பி, ஒண்ணு சொல்றனுங்க. என்னையத் திட்டணும்னா திட்டிப்போடுங்க. ஆத்துல தள்ளணும்னா இங்கயே தள்ளிப்போடுங்க. ஆனா நீங்க எங்க வாய்ச்சவடாலத்தான் படிச்சிருக்கீங்க. இவ எழுதுனதப் படிக்கலயே. ஒருக்கா கேளுங்க. கேட்டுட்டு அழிக்கச் சொல்லுங்க."

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "படிங்க" என்றார்.

"வேணாங்கா" என்றாள் மோகனா உடனே. "நான் சொன்னாலும் வாதாடுற மாதிரி இருக்கும், நீங்க படிச்சாலும் அப்படித்தான் இருக்கும்."

"படிக்கச் சொல்லு" என்றார் அவர், திரும்பாமல்.

பிறகு அவள், "கடேசி அத்தியாயத்தப் படிங்கக்கா" என்றாள்.

போனில் அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் எனக்குப் பகீர் என்றது. இதை நான் படித்ததே இல்லை. என் பேச்சைக் கேட்டு இவள் நிஜமாகவே மாணிக்கத்தை லாரியோடு லிங்கி ஆற்றில் தள்ளியிருந்தால்? நடுக்காட்டில், அந்த மனிதருக்கு முழங்கை தூரத்தில் உட்கார்ந்து, அவர் சாவை அவருக்கே நான் வாசித்துக்காட்ட வேண்டும். இவள் செய்யக்கூடியவள்தான். என்னைப் போல் கதையில் இரக்கம் பார்க்கிறவளில்லையே. ஆனாலும் ஆரம்பித்தேன்.

கதையில் அந்தப் பழைய நாளுக்கே திரும்பப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு. மனைவி வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். ஆனால் இந்த முறை கதை அவளோடு நிற்கவில்லை. மாடிப்படியில் இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குலை ஏற்றிய லாரி ஒன்று நிற்கிறது. மழை கொட்டுகிறது. உள்ளே மாணிக்கம் உட்கார்ந்திருக்கிறான். எஞ்சின் ஓடுகிறது. அணைத்த போன் மடியில் இருக்கிறது. கதவுப் பிடியில் ஒரு கை. மேலே எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்க்கிறான். இறங்க வேண்டும் என்று நினைக்கிறான். இறங்கினால் அது உண்மையாகிவிடும். கை பிடியிலேயே இருக்கிறது. சாயங்காலம்வரை இருக்கிறது. பிறகு லாரி ஆலைக்குப் போகிறது. அவன் வந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கும்.

அவ்வளவுதான் அத்தியாயம். நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. குரல்தான் நான்கைந்து இடத்தில் உடைந்தது.

குணா எஞ்சினை அணைத்தார். மழைச் சத்தம் திடீரென்று பெரிதாயிற்று.

"யாரு சொன்னா ஒனக்கு?"

அவர் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அந்த ஜாகாவா? ஆஸ்பத்திரி கேட்டுல காவலுக்கு நின்னு லோரிய எடுக்கச் சொல்லி வெரட்டுனானே, அவன் சொன்னானா? யாரு பாத்தா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோகனாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாரும் சொல்லலங்க."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாது. எழுதினேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கம்மா செத்தப்ப எல்லாரும் உள்ள இருந்தாங்க, நீங்க லோரியிலதான் உக்காந்திருந்தீங்க. பெரியவளுக்கு ஆப்பரேஷன்னப்பவும் கார்லதான். வேற எங்க போயிருக்கப் போறீங்க?"

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? மோகனா பின்னாலிருந்து எக்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

நெற்றியை எடுக்காமலே பேசினார்.

"மழ இல்ல."

"என்னங்க?"

"அன்னிக்கி மழ இல்ல. வெயிலு. பேய் வெயிலு. குலையெல்லாம் வாட ஆரம்பிச்சிச்சு."

தோளில் இருந்த மோகனாவின் பிடி இறுகியது.

இழுவை வண்டி வந்து டிராக்டரை மேலே ஏற்றியது. நனைந்த வங்காளதேசத்து ஆள் மறுபடி கண்ணாடியைத் தட்டி, போகலாம் போகலாம் என்று சிரித்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பாவம், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

விமான நிலையத்தில் என் பெட்டியை அவரே தூக்கிவந்தார். மோகனாவை ஒருவழியாகக் கட்டிப்பிடித்தேன். அழித்துவிட்டாயா என்று அவளிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளுடைய வீடு, அவளுடைய கதை. குணாவிடம் திரும்பி, அந்த ஆற்றில் தள்ளுகிற பின்னூட்டத்தை ஊருக்குப் போனதும் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்கா. கெடக்கட்டும்லா" என்றார். மூன்று நாளில் முதல் முறையாக என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

திருப்பூரில் சாயம் போன கதையை அறிக்கையாக எழுதிக்கொடுத்தேன். மோகனாவிடமிருந்து நலம் விசாரித்துச் செய்தி வந்தது, வலைப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு காலை, கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. 'இறுதி அத்தியாயம்' என்று இருந்தது. எனக்குச் சொல்லாமலே போட்டிருக்கிறாள்! ஒரு கையால் கம்பி, ஒரு கையால் போன் என்று பக்கத்தை அவசரமாகக் கீழே நகர்த்திப் படித்தேன். மழை அப்படியே இருந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, பிடிவாதக்காரி. பின்னூட்டப் பெட்டிக்குப் போய் 'வடை' என்று தட்ட ஆரம்பித்தவள் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் வந்திருந்தார். படம் இல்லை. குணா என்று மட்டும் பெயர்.

"அன்று மழை இல்லை. வெயில்."

அதற்குக் கீழே மோகனாவின் பதில்: "கதையில் மழைதான்."

பஸ் குலுங்கியதில் பக்கத்து அம்மாள் மேல் சாய்ந்தேன். எதற்குச் சிரிக்கிறேன், எதற்கு அழுகிறேன் என்று அவர் பார்த்தார். நான் தட்டியிருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

"வடை உங்களுக்குத்தான், தம்பி."